கிழக்குக் காலனிக்குத் தினமும் தண்ணீர் வருகிறது

கிழக்குக் காலனி,
பெரம்பலூர் மாவட்டம்.
ஆடி 28, புதன்கிழமை.

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே புனேயில் நீயும் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்த மூச்சிரைப்பு திரும்ப வராமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. போன வாரம் நீ வைத்த பிறகும் நான் போனைக் காதில் பிடித்தபடியே நின்றிருக்கிறேன், அம்மா வந்துதான் பிடுங்கி அலமாரியில் வைத்தாள். வாட்ஸப்பில் இவ்வளவு எழுத என் விரலுக்கு வராது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படித்துவிடு கண்ணு.

முதலில் வீட்டு விஷயம். ஆடிப் பெருக்குக்குத் திருமானூர் சித்தி வீட்டுக்குப் போய் வந்தோம். கொள்ளிடத்தில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது, பாலத்தில் நின்று பார்த்தால் தலை சுற்றுகிறது, அத்தனையும் கடலுக்கு. சித்தி மகள் சத்யப்பிரியாவுக்குத் தா.பழூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, உன்னிடம் சொல்லச் சொன்னாள். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. ஆடிக் கிருத்திகைக்குச் செட்டிகுளம் மலையேறியே தீருவேன் என்று நின்றாள். இருபது படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டாள், அப்புறம் கையை ஊன்றி ஊன்றி உச்சிக்குப் போய்விட்டுத்தான் இறங்கினாள். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். வெற்றிக்கு டீம் லீடர் போஸ்ட் வரவேண்டும் என்று சொன்னாள். அவள் அப்படி ஏறின மலையை நான் என் கையாலேயே சரித்துவிட்டேனோ என்னவோ, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கம்பெனி போட்ட பட்டியலில் நாற்பத்திரண்டு சின்ன ஊர்களில் நம் ஊர் மூன்றாவதாக வந்தது அல்லவா, ஸ்மார்ட் சிட்டி ஆவதில் எந்த ஊர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளந்து மார்க் போட்டது. நீ அன்றைக்குப் போனில் அழுதே விட்டாய். சொந்த ஊரை அளக்க என்னை அனுப்ப மாட்டார்கள் அப்பா, வேண்டியவர் வேண்டாதவர் என்று பேச்சு வந்துவிடும், ஆனாலும் நம் ஊர் மேலே வரவேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டே இருந்தது என்று சொன்னாய். அதைக் குறை சொல்ல மாட்டேன். யாருக்குத்தான் அந்த ஆசை இருக்காது. நீ யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை, அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பொய் சொன்னது நான்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில், பனியன் துண்டோடு நான் வாசலில் நின்றிருக்கும்போது, கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையனும் பெண்ணும் பெரிய போன் மாதிரி இருக்கிற டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தெருவுக்கு ஐந்து பேரிடம் கேட்க வேண்டுமாம். யார் சொல்லி அனுப்பினார்களோ, நான் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண், "ஐயா, இந்த ஊருக்கே தண்ணி தொறந்து வுட்டவரு நீங்க, நீங்க சொன்னா அதுக்கு மேல சாட்சி வேணுமா" என்றாள். எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று கேட்டேன், சொன்னாள். எம் பொண்ணு அங்கதாம்மா வேலை பாக்குது என்றேன். உடனே இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டுத்தான் கேள்வியைப் படித்தார்கள். உங்கள் தெருவுக்குத் தினமும் போதுமான குடிநீர் வருகிறதா, ஆம், இல்லை.

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் என்னைவிடச் சரியாகப் பதில் சொல்லக்கூடியவன் எவன் இருக்கிறான் சொல். கிழக்குக் காலனிக்கு மூன்று நாளைக்கு ஒரு தரம், நாற்பது நிமிஷம். ஊர்ப்பக்கத் தெருக்களுக்கு ஆறு அங்குலக் குழாய், நமக்கு மூன்று அங்குலம். அதுவும் எல்லாத் தெருவும் பிடித்து முடித்த பிறகு, இனி உங்க ஆளுங்களுக்கு வுட்டுக்கய்யா என்று மேலே இருந்து சொன்ன பிறகு. அந்த வால்வை முப்பத்தோரு வருஷம் திருகியது இந்தக் கைதான். நம் தெருவைக் கடைசியில் வைத்ததும் இந்தக் கைதான், மாட்டேன் என்று சொன்னால் வேலை இருக்காது, வேலை இல்லாவிட்டால் உன் படிப்பு இருக்காது. காலனிக் கடைசியில் இருக்கும் நாற்பது வீட்டுக்கு அந்த நாற்பது நிமிஷமும் கிடையாது, பத்துக் குடம் பிடிப்பதற்குள் நின்றுவிடும். அவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணீர்தான். இத்தனையும் தெரிந்துதான் ஆமாம்மா, தினமும் வருது என்று சொன்னேன். போனுக்கு வந்த நம்பரைப் படித்துக் காட்டினேன். கண்ணாடி மேல் விரலால் கையெழுத்தும் போட்டேன். அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அவர்கள் போன பிறகு "ஏங்க, நாளைக்கு நம்ம மொறையே இல்லியே" என்றாள். நம்ம புள்ளைக்குப் பெருமைடி, பேசாம இரு என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

பொங்கல் முடிந்து விழா வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைச் சிவப்பு எழுத்தில் ஆள் உயரத்துக்கு நிறுத்தி, பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிற மாதிரி செய்திருந்தார்கள். கேமரா வைத்த கம்பம், பஸ் நேரம் ஓடுகிற போர்டு, பூங்காவில் நடைபாதை, எல்லாம் வந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. மேடையில் பெரிய திரையில் நம் ஊர் வரைபடம் போட்டார்கள், எல்லாத் தெருவும் பச்சை. நம் காலனியும் பச்சை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இவரது மகள்தான் என்று உன் பெயரையும் சொல்லி, சால்வை போர்த்தினார்கள். இந்த ஊர் மேடையில் நம் ஆட்களில் ஒருவனை ஏற்றிச் சால்வை போட்டு நான் பார்த்ததில்லை வெற்றி. அந்த நேரத்தில் எனக்குத் தண்ணீரும் ஞாபகம் இல்லை, குழாயும் ஞாபகம் இல்லை.

மாசி பிறந்ததும் லாரி நின்றது. அதை ஓட்டுகிற அமாவாசை நம் காலனி வழியாக வெறும் வண்டியில் போனான், மறித்துக் கேட்டேன். "ஒங்க தெரு லிஸ்ட்லயே இல்லண்ணே, தெனமும் கொழாயில வருதுன்னு கம்ப்யூட்டர்ல ஏறிப்போச்சாம், வராத ஊருக்குத்தான் இனிமே வண்டி" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கியரைப் போட்டான். மூன்று அங்குலக் குழாயை மாற்றி ஆறு அங்குலம் போடுவதாக ஒரு திட்டம் இருந்ததே, அதிலும் நம் காலனி பெயரை அடித்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தினமும் தண்ணீர் வருகிற தெருவுக்குப் புதுக் குழாய் எதற்கு, கேட்பதும் நியாயம்தானே.

ஆண்டாயியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கடைசி வரிசையில் ஸ்கூல் சுவரை ஒட்டி இட்லிக் கடை போட்டிருக்கிறாள், நீ அத்தை அத்தை என்று அவள் அடுப்படியில்தான் கிடப்பாய், நீ காலேஜ் பஸ் பிடித்த நாலு வருஷமும் டிபன் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். இட்லிக் கடைக்குத் தண்ணீர் இல்லாமல் என்ன நடக்கும். அரிசி கழுவ, மாவு ஆட்ட, ஈடு வைக்க, தட்டுக் கழுவ, எதைக் குறைப்பாள். லாரி நின்றதும் அவள் மகன் வீரமுத்து அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டப் போகும் முன் இரண்டு குடம் கொண்டுவந்து வைப்பான். பங்குனிக்கு மேல் அவனுக்கு ஒழியவில்லை, இவளே கிழக்கே இருக்கிற பழைய கல்குவாரிக் குட்டைக்குப் போக ஆரம்பித்தாள். அந்தக் குட்டைக்குப் படி கிடையாது, வெட்டி விட்ட பாறைதான் படி. சித்திரை பதினாறாம் தேதி, உச்சி வெயிலில், இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக ஏறும்போது வழுக்கி, ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே பாறை மேல் விழுந்தாள். ஆடு மேய்த்தவர்கள் சத்தம் கேட்டுத் தூக்கியிருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இருந்து திருச்சிக்கு அனுப்பி, பிளேட் வைத்து, மூன்றரை மாதமாகப் படுத்த படுக்கை. இனிமேல் கோல் ஊன்றி நடக்கலாம், குந்தி உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குந்தி உட்காராமல் மாவு அள்ளி இட்லி ஊற்ற எந்தப் பொம்பளையால் முடியும். கடைக்குக் கீற்று பிரித்தாகிவிட்டது. இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டாம், வேலையில் கவனம் சிதறும் என்று அம்மா தடுத்துவிட்டாள். ஆண்டாயி அத்தைக்குச் சளி, பேச முடியவில்லை என்று வைகாசியில் உன்னிடம் சொன்னதும் பொய்தான்.

அவளுக்கு நான் கையெழுத்துப் போட்ட விஷயம் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம். ஆனால் நான் பார்க்கப் போகும்போதெல்லாம், "அண்ணே, நீங்க வேலையில இருந்த வரைக்கும் நாலு கொடமாவது வந்துது, இப்ப எவன் எழுதிக் குடுத்தானோ, நல்லா இருப்பானா அவன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நாலு தரம் கேட்டுக்கொண்டு வந்தேன். ஐந்தாம் தரம் என்னால் முடியவில்லை. எழுதிக் குடுத்தவன் நான்தான் ஆண்டாயி, எம் மவ கம்பெனின்னு ஆசைப்பட்டுப் போட்டுட்டேன் என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள், "போயிட்டு வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். உடம்பைத் திருப்ப முடியாது, முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வீரமுத்து என்னைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்துவதில்லை. அம்மா கொண்டுபோன கஞ்சியும் அப்படியே திரும்பி வந்தது.

சரி, நான்தான் பொய் சொன்னேன், தண்ணீர் மீட்டர் எப்படிப் பொய் சொல்லும் என்று எனக்கு மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. தெரு முனையில் சிம் கார்டு போட்ட மீட்டர் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அது தினமும் தண்ணீர் ஓடியதாகக் கணக்குக் காட்டியிருக்கிறது. பிளம்பர் மணிவண்ணனைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் முறை இல்லாத ஒரு நாளில் போய்ப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் நம்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை, உஸ்ஸென்று காற்று. புரிகிறதா உனக்கு. எந்நேரமும் தண்ணீர் நிறைந்து நிற்கிற குழாயில் மீட்டர் ஒழுங்காகத்தான் எண்ணும். மூன்று நாளைக்கு ஒரு தரம் நனைகிற குழாயில் மிச்ச நேரமெல்லாம் காற்றுதான், ஊர்ப்பக்கத் தெருக்களுக்கு வால்வைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்தக் காற்று முன்னும் பின்னும் தள்ளப்பட்டு மீட்டர் சக்கரத்தைச் சுற்றிவிடும். பத்தாவது படித்த நான் இதை அரை மணியில் கண்டுபிடித்தேன். மணிவண்ணன் போனில் படம் பிடித்துக்கொண்டே, "அண்ணே, காத்துக்கு மார்க்குப் போட்டுருக்கானுவோ" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றையில் இருந்து இருபத்தொரு நாள் வாளியும் கைக்கடிகாரமுமாக வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் எத்தனை நிமிஷம், எத்தனை குடம் என்று ஒரு நோட்டில் எழுதினேன். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள், சில வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தை மட்டும் காட்டினார்கள். விஷயம் அதற்குள் பரவியிருந்தது.

நோட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு நான் வேலை பார்த்த ஆபீசுக்கே போனேன். பெயர் வேண்டாம், சின்ன வயசு அதிகாரி, உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாம் பார்த்தார். "ஐயா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது, ஆனா மூணாவது எடம்னு அறிவிச்சாச்சு, இதை இப்பக் கிளறினா ஊர் பேரே கெட்டுடும், ஆன்லைன்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் போட்டு வைங்க" என்றார். போட்டேன். மூன்றாம் நாள், உங்கள் குறை தீர்க்கப்பட்டது, நன்றி என்று போனுக்கு வந்தது. மணிவண்ணன்தான் சொன்னான், குறையை எத்தனை நாளில் தீர்க்கிறார்கள் என்பதற்கும் உங்கள் கம்பெனியில் தனி மார்க்காம். அப்படியானால் நான் கொடுத்த புகாரும் இந்த ஊருக்கு மார்க்காகத்தான் போயிருக்கும்.

அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "அப்பா, நீ சொல்றது ஒரு தெருவோட கதை, நாங்க பாக்குறது டேட்டா" என்றாய். மீட்டரைப் பற்றிச் சொன்னேன். "மீட்டரை வுடு, அஞ்சு பேரு சாட்சி இருக்கு, அதுல ஒண்ணு நீயேதானேப்பா, நான் பேரைப் பாத்தேனே" என்றாய். பார்த்திருக்கிறாய் வெற்றி. என் பெயரைப் பார்த்திருக்கிறாய், நம் காலனிக்குத் தினமும் தண்ணீர் வருகிறது என்ற வரிக்கு நேரே பார்த்திருக்கிறாய். அந்தக் காலனியில் ராத்திரிப் பாடம் படிக்கிற வயசிலும் குடம் தூக்கி வளர்ந்த பிள்ளை நீ. அந்த வரி பொய் என்று உனக்குத் தெரியாதா. நான் அதைக் கேட்கவில்லை, கேட்டால் நீ என்ன பதில் சொல்வாய் என்று பயமாக இருந்தது. அடுத்த வருஷ சர்வேயில் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அதுவரை எதைக் குடிப்பது என்று கேட்டேன். மீட்டிங் இருக்கு என்று வைத்துவிட்டாய்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. எனக்கு அந்தத் தகுதி கிடையாது. நீ பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாய், நான் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன், இரண்டு பேரும் ஒரே வீட்டு ஆட்கள்தான். ஆனால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன், அதை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக்கூடாது. கிழக்குக் காலனிக்குத் தினமும் குடிநீர் வருவதாகச் சொன்ன சாமிதுரை ஆகிய நான் அறிந்தே பொய் சொன்னேன், என் மகள் அந்த நிறுவனத்தில் வேலை செய்வதால் அவளுக்குப் பெருமை சேர்க்கச் சொன்னேன், அவள் என்னைச் சொல்லச் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து, உங்கள் கம்பெனித் தலைவர் பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டேன். நேற்றே அனுப்பிவிட்டேன். உன்னிடம் கேட்டுவிட்டு அனுப்பியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன், அதனால்தான் கேட்கவில்லை. அது உங்கள் ஆபீசுக்கு வருவதற்கு முன்னாலோ பின்னாலோ இந்தக் கடிதமும் உன் கைக்கு வரும். டீம் லீடர் போஸ்ட் போகலாம். வேலைக்கே கஷ்டம் வரலாம். அப்பனே கெடுத்தான் என்று நீ காலம் முழுக்கச் சொல்லலாம், சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

லாரி இன்னும் வரவில்லை. அந்தக் கடிதம் போய் ஏதாவது நடக்குமா என்று எனக்குத் தெரியாது, பெரிதாக நம்பிக்கையும் இல்லை. கடைசி வரிசைக்கு இப்போது நானும் மணிவண்ணனும் அவன் வண்டியில் டிரம் வைத்துக் காலையில் இரண்டு நடை அடிக்கிறோம். ஆண்டாயி வீட்டு வாசலிலும் இரண்டு குடம் இறக்கி வைக்கிறேன். எடுத்துக்கொள்கிறார்கள். பேசுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏசி அறையில் தொண்டையை மூடாமல் உட்காராதே, இன்ஹேலரைப் பையிலேயே வைத்திரு. யார் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல், என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு வார்த்தைகூட மாற்றிச் சொல்லாதே. முடிந்தால் ஆண்டாயி அத்தைக்கு ஒரு போன் போடு, பழைய நம்பர்தான், அவள் எடுக்காவிட்டாலும் அடுத்த நாளும் போடு. நீ நோயில்லாமல், நிமிர்ந்த தலையோடு நெடுங்காலம் இருக்க வேண்டும், இது என் ஆசீர்வாதம். அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள் என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இந்தத் தடவை அவள் சொல்லச் சொல்லவில்லை. போஸ்ட் ஆபீசில் இருந்து நான் வந்து விஷயத்தைச் சொன்னதில் இருந்து என்னோடு பேசவில்லை, இப்போது கேட்டதற்கும், "ஒங்க லெட்டர்ல எம் பேரைச் சேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உனக்காக அவள் சொன்னதாக ஒரு வரி எழுதிவிட்டால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவள் சொல்லவில்லை வெற்றி, அதனால் எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
சா. சாமிதுரை